விளையாட்டில் அரியர் உண்டா?

எங்கள் பெரியபாளையத்தில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் பந்து விளையாட இடம் கிடையாது. பவானி அம்மனைப் பார்க்க வருகிற வேன்கள், காலி மனை என்று ஒன்றையும் விட்டு வைப்பதில்லை. ஒரு வருஷம் ஒரு வேன் சரியாக எங்கள் பிட்ச் மேலேயே நின்றது. அதன் நிழலில் ஒரு குடும்பம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. ஸ்டம்ப் நடுகிற இடத்தில் அடுப்புக் கல். சாமி காரியம், வாயைத் திறக்க முடியுமா? பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆகவே எங்கள் ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட், இடியே விழுந்தாலும் ஆடிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.

டோர்னமென்ட் என்றதும் சேப்பாக்கம் ரேஞ்சுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். பதினாறு டீம். ஆறு ஓவர் மேட்ச். ஒரு மைக் செட், ஒரு ஷாமியானா, ஒரு ஷீல்டு. கமிட்டியில் அடியேன் பொருளாளர். பி.காம். படித்த பாவத்துக்கு, ஊரில் கோயில் திருவிழா முதல் கருமாதி வரை நோட்டும் பேனாவும் என் கைக்குத்தான் வரும். "நீ அக்கவுண்ட்ஸ் படிச்சவன்தானே" என்பார்கள். எத்தனை தடவை படித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரை மூன்று முறை எழுதினேன். முதல் தடவை 28. இரண்டாவது தடவை 31. மூன்றாவது தடவை 52. இன்றைக்கு என் டிகிரி சர்ட்டிபிகேட்டைப் பார்க்கிற எவருக்கும் அந்த 28 தெரியாது. அரியர் என்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அதே காலேஜில், கிரிக்கெட்டில் எனக்கு அரியர் கிடைக்கவில்லை.

இன்டர் காலேஜ் போட்டி. நாக் அவுட். மூன்று மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பிராக்டீஸ். அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாம் பெரிய கணக்கு. இன்டர் காலேஜில் நன்றாக ஆடினால் யூனிவர்சிட்டி டீம். யூனிவர்சிட்டி டீம் என்றால் ரோஹின்டன் பாரியா கோப்பை. 1935-லிருந்து பல்கலைக்கழகங்கள் மோதிக்கொள்கிற கோப்பை அது. அஜித் வாடேகர் ஒரே இன்னிங்ஸில் 324 அடித்ததும், பிற்பாடு கவாஸ்கர் 327 அடித்து அதைத் தாண்டியதும் அதில்தான். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து ஸ்ரீகாந்த் போகவில்லையா? காலேஜ் கிரவுண்டிலிருந்து இந்தியா வரைக்கும் ஏணி சாத்தித்தான் வைத்திருக்கிறார்கள், நாம் ஏறினால் போதும் என்று நினைத்தோம்.

முதல் மேட்ச். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். நான் ஏழாவதாக இறங்கினேன். ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. எதிர்முனையில் இருந்த நண்பன் "வா" என்றான், பாதி தூரம் போனதும் "போ" என்றான். ரன் அவுட். மொத்தம் 64. பன்னிரண்டு மணிக்கு வேனில் ஏறிவிட்டோம். மதியத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த தயிர்சாதப் பொட்டலம் பிரிக்கவே இல்லை. மூன்று மாதம் பிராக்டீஸ், மூன்று மணி நேரம் மேட்ச், அவ்வளவுதான் என் கிரிக்கெட் வாழ்க்கை. அந்த "வா, போ" இன்னும் சில ராத்திரிகளில் காதில் கேட்கிறது. நண்பன் இப்போது பேங்க்கில் இருக்கிறான். லோன் கேட்டுப் போனாலும் அதே "வா, போ"தான்.

சரி, இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? 2024 டோர்னமென்ட்டில் ஒரு டீம் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற பையன்கள். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்பதால், தலைக்கு இருநூறு போட்டு அவர்களாகவே மஞ்சள் சட்டை தைத்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து, நேராக ஒரு குட்டியானை வண்டியில் பின்னால் நின்றபடி வந்து இறங்கினார்கள். ஆறரைக்கு முதல் மேட்ச். ஏழு இருபதுக்குத் தோற்றுவிட்டார்கள். கண்ணெல்லாம் சிவப்பு, தூக்கமா அழுகையா தெரியவில்லை. கேப்டன் பையன், வெல்டர், இருபத்து மூன்று வயசு இருக்கும், என் மேஜைக்கு வந்து நின்றான்.

"அண்ணா, இன்னொரு மேட்ச் குடுங்கண்ணா. பிரைஸ் வேணாம். சும்மா ஆடிட்டுப் போறோம். வண்டிக்கே ஆயிரத்து இருநூறு ரூபா ஆச்சுண்ணா."

நாக் அவுட்டில் ஏதுப்பா இன்னொரு மேட்ச் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போதே வயிற்றில் தயிர்சாதம் புரண்டது.

இதற்கு மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. என் அத்தை பையன் ஆமஹா என்கிற ஊரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். 2025 மே மாதக் கடைசியில் போன் பண்ணினான். "இங்க காலேஜ் பேஸ்பால் சீஸன்டா. ஊரே கிறுக்குப் பிடிச்சு அலையுது" என்றான். பேஸ்பால் என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 2008-இல் ஒரு டீவி போட்டியில் ஜெயித்து, பந்து வீசத் தெரிந்து, அமெரிக்க டீமில் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்கிற உத்தரப் பிரதேசப் பையன்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். 2014-இல் அது படமாகவும் வந்தது, நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை. அதைத் தாண்டி பூஜ்யம்.

அத்தை பையன் பாடம் எடுத்தான். அங்கே பக்கத்துப் பக்கத்து காலேஜ்கள் சேர்ந்து கான்பரன்ஸ் என்று கூட்டணி வைத்துக்கொள்கின்றன. நம்ம ஊர் கூட்டணி மாதிரியேதான், யார் எப்போது தாவுவார்கள் என்று சொல்ல முடியாது. பிக் டென் என்று ஒன்று. பெயரில் பத்து, 2024-லிருந்து உறுப்பினர் காலேஜ்கள் பதினெட்டு. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போட்டாரோ! பிப்ரவரியிலிருந்து மே வரை ஐம்பது மேட்சுக்கு மேல் லீக் ஆடுகிறார்கள். அதற்கப்புறம், மே கடைசியில், ஒவ்வொரு கூட்டணியும் தன் டீம்களை ஓர் ஊரில் கூட்டி, நாலைந்து நாளில் ஒரு டோர்னமென்ட் நடத்துகிறது. அதில் ஜெயிக்கிற டீமுக்குத் தேசியப் போட்டிக்கு நேரடி டிக்கெட். வருஷம் பூரா உதை வாங்கின டீமாக இருந்தாலும், அந்த நாலு நாள் ஜெயித்துவிட்டால் போதும். செமஸ்டர் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி வாரம் படித்துப் பாஸ் பண்ணுகிற கோஷ்டிக்கென்றே செய்த ஏற்பாடு.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த விஷயத்தில். இந்தப் போட்டிகளில் பலவற்றில் ஒரு தடவை தோற்றால் வெளியே கிடையாது. இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே. முதல் தோல்வியில் டீம் வேறு பக்கத்துக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே தோற்ற மற்ற டீம்களோடு மோதி, ஜெயித்து ஜெயித்து, ஏறி ஏறி, மறுபடியும் பைனலுக்கே வரலாம்.

"அடப்பாவி, இது அரியர்டா!" என்றேன்.

"அரியரேதான். ஆனா அரியர் மாதிரியே இதுலயும் ஒரு தண்டனை இருக்கு" என்றான். ஜெயித்த பக்கம் இருப்பவர்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, தோற்ற பக்கம் ஒரே நாளில் இரண்டு மேட்ச்கூட ஆட வேண்டியிருக்கும். பேஸ்பாலில் பந்து வீசுபவன் ஒரு மேட்ச் முழுக்க வீசினால் நாலைந்து நாள் தோளைத் தூக்கக் கூடாது. ஆக, அரியர் பக்கம் வருகிற டீமிடம் மூன்றாவது நாள் வீசுவதற்கு ஆளே மிஞ்சாது. ரெகுலர் பேப்பரோடு அரியர் பேப்பரையும் சேர்த்து எழுதியவர்களுக்கு இந்த வலி விளக்க வேண்டியதில்லை.

ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று ஒரு காலேஜ். கலிபோர்னியாவில் திராட்சை விளைகிற சீமை. 2008-இல் அவர்கள் கூட்டணி டோர்னமென்ட்டை ஜெயித்துத் தேசியப் போட்டிக்குள் நுழைந்தார்கள். மொத்தம் 64 டீம், நாலு நாலாகப் பதினாறு பிரிவு. இவர்கள் தங்கள் பிரிவில் நாலாவது ரேங்க், அதாவது வந்ததே பெரிது என்கிற ரேங்க். பிரிவைத் தாண்டினார்கள். அடுத்தது மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய சுற்று. அரிசோனா ஸ்டேட்டிடம் முதல் மேட்ச் தோல்வி, அடுத்த இரண்டும் வெற்றி. எட்டு டீம் மட்டும் மிஞ்சி, ஆமஹா போனார்கள். 1950-லிருந்து கடைசிச் சுற்று அங்கேதான். அங்கே வடக்கு கரோலினாவிடம் ஒரு தோல்வி. எழுந்து வந்து அதே வடக்கு கரோலினாவை அடித்தார்கள். பைனலில் ஜார்ஜியா. மறுபடி மூன்றில் இரண்டு. முதல் மேட்ச் 7-6 என்று தோல்வி. இரண்டாவது 19-10 வெற்றி. கடைசி மேட்ச் 6-1. அந்த ஆறு ரன்னும் ஸ்டீவ் டெட்வைலர் என்கிற ஒரே பையன் மட்டையிலிருந்து வந்தவை. கட்டைவிரலில் தசைநார் கிழிந்து, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் அவர்கள் ஜெயித்தது 47, தோற்றது 31. முப்பத்தொரு தோல்வி வாங்கிய சாம்பியன்! நம்ம ஊர் நாக் அவுட்டாக இருந்தால் கடைசி மூன்று வாரத்தில் மட்டும் குறைந்தது மூன்று தடவை தயிர்சாதப் பொட்டலத்தோடு வேன் ஏறியிருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கமிட்டி கூடியது. விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் அண்ணனுக்கு வயசு ஐம்பது, பழைய வேகப்பந்து வீச்சாளர். "இன்னாபா இது, தோத்தவன் தோத்தவன்தான். இதுல இன்னா அரியரு?" என்றார்.

நோட்டைத் திறந்தேன். கணக்கு சுலபம். ஒவ்வொரு மேட்சிலும் ஒருவர் தோற்கிறார். நாக் அவுட்டில் பதினாறு டீமில் பதினைந்து டீம் ஒரு தடவை தோற்க வேண்டும், ஆக 15 மேட்ச். இரண்டு தடவை தோற்க வேண்டும் என்றால் 30. தோற்காமல் வந்த டீமை, அரியரில் வந்த டீம் பைனலில் அடித்துவிட்டால், இருவருக்கும் ஆளுக்கொரு தோல்வி என்று சமமாகிவிடும். அப்போது இன்னொரு பைனல். ஆக மொத்தம் அதிகபட்சம் 31. ஒரு மேட்ச் ஐம்பது நிமிஷம் என்றால் இருபத்தைந்து மணி நேரம் சொச்சம். ஜூன் 8-இலிருந்து ஜூலை 13 வரைக்கும் ஆறு ஞாயிறு. ஆடிக்கு நாலு நாள் முன்னால் ஷீல்டு கொடுத்துவிடலாம்.

"பந்து செலவு? மைக் செட்டு வாடகை?"

"நுழைவுக் கட்டணம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு. தோத்தாலும் ரெண்டு மேட்ச் நிச்சயம்னு சொன்னா எவனும் கேள்வி கேட்க மாட்டான்."

அண்ணன் லேசில் மசியவில்லை. செல்போனில் எதையோ தேடி, "இதோ பாரு, அமெரிக்காவுலயே தென்கிழக்கு கூட்டணி இந்த 2025-ல ஒரு தோல்வியிலயே வெளியனு மாத்திட்டானாம்" என்று என் முகத்துக்கு நேரே காட்டினார். உண்மைதான். பதினாறு டீமையும் சேர்த்துக்கொண்டு, ஒரு தோல்வியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். தேசியப் போட்டிக்கு முன்னால் பையன்கள் தோள் மிஞ்சினால் போதும் என்று அவர்களுக்குக் கவலை. எங்களுக்கு ஏது தேசியப் போட்டி?

கடைசியில் காப்பாற்றியது ஐ.பி.எல். கமிட்டியில் இருக்கிற சின்னப் பையன் ஒருவன், "அண்ணா, 2011-லேர்ந்து அதுலயும் மேல இருக்கிற ரெண்டு டீமுக்கு இன்னொரு சான்ஸ் உண்டுண்ணா" என்றான். "2013-ல மும்பையை நாமதான் முதல்ல அடிச்சோம். அவன் சுத்திக்கிட்டு வந்து பைனல்ல நம்மளையே அடிச்சான்." பெஞ்ச் முழுக்க மௌனம். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவனுக்கு உண்டுன்னா நம்ம பசங்களுக்கும் வை" என்றார்.

மஞ்சள் சட்டைப் பையன்கள் 2025-லும் வந்தார்கள். முதல் மேட்சே தோல்வி. ஒன்பது ரன்னில். "அரியர் பக்கம் போங்க, பத்து மணிக்கு மேட்ச்" என்று மைக்கில் சொன்னதும் மைதானமே சிரித்தது. அந்தப் பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது.

பத்து மணி மேட்சை ஜெயித்தார்கள். அடுத்த ஞாயிறும் ஜெயித்தார்கள். அவர்களிடம் ஒரிசாப் பையன் ஒருவன், இடது கை வேகம். தமிழில் அவனுக்குத் தெரிந்தது "போடு", "ஓடு", "சாப்ட்டியா" மட்டும். கிரிக்கெட்டுக்கு அது தாராளம். ஜூன் 22-ஆம் தேதி ஒரே காலையில் இரண்டு மேட்ச். முதல் மேட்ச் முடிந்ததும் கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மர நிழலில் படுத்துவிட்டான். ஆமஹாவில் பெரிய பெரிய டாக்டர்கள் செய்கிற வைத்தியம், எங்கள் ஊரில் பத்து ரூபாய். எழுந்து வந்து அடுத்த மேட்சில் கடைசி ஓவரில் ஐந்து ரன் விடாமல் பிடித்தான். வரிசையாக நாலாவது வெற்றி.

அன்றைக்குத்தான் கேப்டன் ஒரு விஷயம் சொன்னான். "அண்ணா, முப்பதாம் தேதியோட கான்ட்ராக்ட் முடியுது. புது கான்ட்ராக்டர் அவரு ஆளுங்களைக் கொண்டாறாரு. நான் ஒரகடம் போறேன். ரெண்டு பேரு ஓசூரு. அடுத்த மேட்சை ஜூன்லயே வெச்சிடுங்கண்ணா."

அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். 29-ஆம் தேதி அரியர் பக்கத்தில் இவர்களோடு மோத வேண்டிய டீம் யார் என்பதே அன்று மாலைதான் முடிவாகும். ஒரு கட்டத்தை மாற்றினால் பத்துக் கட்டம் மாறும். ஜூலை 6 தவிர வழியில்லை. பொருளாளர் பதவியில் இருந்துகொண்டு இதைவிட மோசமான ஒரு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஜூலை 6. காலை எட்டு மணி. ஓசூர் போனவர்கள் வரவில்லை. ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கேப்டன் ஒரகடத்திலிருந்து நள்ளிரவே கிளம்பி, மூன்று பஸ் மாறி, செங்குன்றத்தில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்று வந்திருந்தான். ஒரிசாப் பையன் எங்கேயும் போகவில்லை. போவதற்கு இடம் இன்னும் கிடைக்கவில்லையாம். ஒன்பது பேரோடே ஆடினார்கள். எதிர் டீமே பீல்டிங்குக்கு ஒரு ஆளைக் கடன் கொடுத்தது. அவன் ஒரு கேட்சும் பிடித்தான், சொந்த டீமுக்கு எதிராக. கடைசி ஓவரில் பதினொன்று வேண்டும். ஏழு வந்தது.

இரண்டாவது தோல்வி. வெளியே.

இந்தத் தடவை என் மேஜைக்கு யாரும் வந்து கெஞ்சவில்லை. ஸ்கோர் நோட்டில் கையெழுத்துப் போட வந்த கேப்டன், ஆறு மேட்ச் பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்புறம் ஒன்பது பேரும் சட்டை மாற்றிக்கொண்டு அம்மன் கோயில் பக்கம் போனார்கள்.

பைனலில் நான் பயந்தபடியே நடந்தது. ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த ஊத்துக்கோட்டை டீமை, அரியரில் வந்த கன்னிகைப்பேர் டீம் அடித்துவிட்டது. ஷீல்டைத் தூக்க ஓடியவர்களை நிறுத்தி, "இன்னொரு மேட்ச் இருக்கு" என்றதும் ஒரே ரகளை. "ஜெயிச்சவனுக்கு எதுக்குடா பரீட்சை?" என்று ஒரு கோஷ்டி, "எங்களுக்கும் ஒரு அரியர் பாக்கி இருக்குல்ல?" என்று இன்னொரு கோஷ்டி. செயலாளர் அண்ணன் மைக்கைப் பிடுங்கி, பி.காம். படித்த என்னைவிடத் தெளிவாக விளக்கினார். "ஆளுக்கொரு தோல்வி. அவனுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. இப்ப ஆடி முடிங்கடா, ஆடி வருது." முப்பத்தொன்றாவது மேட்சை ஊத்துக்கோட்டை ஜெயித்தது.

மைக் செட்டுக்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை. மஞ்சள் சட்டைக் கேப்டன். பைனல் பார்க்கவென்றே ஒரகடத்திலிருந்து வந்தானாம்.

"அண்ணா, அடுத்த வருஷம் மூணு சான்ஸ் வைங்கண்ணா."

நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பதினைந்து டீம் மூன்று தடவை தோற்க வேண்டும். நாற்பத்தைந்து. ஜெயிக்கிற டீமே இரண்டு தடவை தோற்று வரலாம். நாற்பத்தேழு.

"ஆவணியே வந்துடும்பா" என்றேன்.